வாய் திறக்கக் கூடாத பரீட்சை

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஆட்டோக்காரரிடம் பேசுவேன், லிஃப்டில் பேசுவேன், குக்கர் விசில் வரத் தாமதமானால் குக்கரிடமும் பேசுவேன். பயம் வந்தால் இன்னும் கூடுதலாகப் பேசுவேன். அப்படிப்பட்டவள் ஹைதராபாத் அமீர்பேட்டில் அந்த மூன்றாம் மாடி வகுப்புக்குப் போன முதல் நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன் என்றால், எவ்வளவு பயந்திருப்பேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப் டிசைன் வகுப்பு அது. வந்திருந்தவர்களெல்லாம் என் பெண்ணுக்கு அக்கா, அண்ணன் வயது. நான் உள்ளே நுழைந்ததும் டீச்சர் என்று நினைத்து ஒரு பையன் எழுந்து நின்றுவிட்டான். நிஜமான டீச்சர் பிறகு வந்தாள். முதுகில் பை, காலில் ஷூ, தலையில் ஒரு கிளிப். படிக்க வந்த பெண் போலிருக்கிறது என்று நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். அவள் சிரித்துவிட்டு முன்னால் போய் நின்றாள். எனக்கு அப்படியே எழுந்து ஹப்சிகுடாவில் இருக்கும் வீட்டுக்கு மெட்ரோ பிடித்துவிடலாமா என்று இருந்தது.

போகவில்லை. போக முடியாத நிலைமை. அதற்குக் காரணம் அப்பா.

அம்மா போனபிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். இயந்திரப் பாகங்களை மயிரிழை பிசகாமல் வரைந்து கொடுப்பது வேலை. திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர், ஹைதராபாத்திலேயே தங்கி, தமிழில் பாதி உருது கலந்து பேசப் பழகிவிட்டார். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', எதற்கு என்பதற்கு 'கைக்கு'. எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அவருக்கு இன்னும் நான் பாப்பாதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவது அப்பாவின் வழக்கம். வாசல் கடையிலேயே கிடைக்கும் தக்காளியை அவ்வளவு தூரம் போய் மொத்த விலைக்கு வாங்கினால்தான் அவருக்கு வாங்கின மாதிரி. முன்னெல்லாம் ஸ்கூட்டரில் போவார். இப்போது பஸ்ஸில். ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரம் கடந்தும் வரவில்லை. யாரோ ஒருவர் அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டார். பெரியவர் மேட்சலில் பஸ்ஸைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார், எங்கே போகணும் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார் என்று தெலுங்கில் சொன்னார். மேட்சல் எங்கே, ஹப்சிகுடா எங்கே. நேர் எதிர்த் திசை.

என் கணவர் போய் அழைத்து வந்தார். அப்பா ஒன்றுமே நடக்காத மாதிரி பையைச் சமையல் மேடையில் வைத்தார். கத்திரிக்காய் பிஞ்சாக, பளபளவென்று இருந்தது.

"போர்டு சரியா வைக்கல பாப்பா. எந்தப் பக்கம் போற பஸ்ஸுன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார்.

போர்டு சரியாகத்தான் இருந்தது என்று கணவர் என்னிடம் தனியாகச் சொன்னார். பெரிய எழுத்து, மூன்று மொழி. "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமே" என்றார்.

"முதல்ல உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டு வீடு பூரா தேடறாங்க" என்றேன். அதோடு அவர் பேச்சை விட்டுவிட்டார். பயந்தால் நான் யாரையாவது கடிப்பேன். பக்கத்தில் இருக்கிறவர் அகப்படுவார்.

ஆனால் பயம் போகவில்லை. தார்நாகாவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே உட்கார்ந்தபடி அப்பா கேஸை மூடினாரோ, கதவைப் பூட்டினாரோ என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். போன் அடித்தால் மேட்சல்தான் நினைவுக்கு வரும். கடைசியில் வேலையை விட்டேன். வீட்டிலிருந்தபடியே செய்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும், அப்பா என் கண் எதிரிலேயே இருக்க வேண்டும். கணவர் மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். அவர்தான் இந்தப் படிப்பைச் சொன்னார். காலையில் இரண்டு மணி நேரம் வகுப்பு. அந்த நேரத்துக்கு அப்பாவைக் கீழ்வீட்டு அம்மாவிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடுவேன்.

வகுப்பில் எனக்குத் தொட்டதெல்லாம் பயம். அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தால் மொத்தப் பக்கமும் வெள்ளையாகப் போய்விடும். செய்ததெல்லாம் போயிற்று என்று நான் வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பேன். பக்கத்துப் பெண் "ஆன்ட்டி, ஒண்ணுமில்ல" என்று ஒரு குறியைப் போட்டதும் எல்லாம் திரும்ப வந்துவிடும். வந்த பிறகும் எனக்குப் படபடப்பு அடங்காது.

முதல் பயிற்சி, ஏதாவது ஒரு கடைக்கு முகப்புப் பக்கம் செய்ய வேண்டும். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காய்கறிக் கடை. அப்பா வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் காய் வாங்கிவிட்டால் பஸ் ஏறிப் போக வேண்டாமே. வேறு யாரை நினைத்தும் நான் அந்தப் பக்கத்தைச் செய்யவில்லை.

என்னுடைய முதல் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். மேலே 'நல்வரவு' என்று இடமிருந்து வலமாக ஓடும் எழுத்து. இருக்கிற காயெல்லாம் ஒரே திரையில். கத்திரிக்காய் என்றால் எழுத்தும் கத்திரிப்பூ நிறம், தக்காளி என்றால் சிவப்பு, நடுவில் மினுக்கும் நட்சத்திரங்கள். ஓர் அங்குல இடம் சும்மா இல்லை. எனக்கு ரொம்பப் பெருமை.

டீச்சர் வெகுநேரம் பார்த்தாள். அவள் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவாள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"மேடம், இதைத் திறந்ததும் என் கண்ணு முதல்ல எங்கே போகணும்?"

"எல்லாத்தையும் பார்க்கட்டுமே" என்றேன்.

"எல்லாத்தையும் பார்னு சொன்னா கண்ணு எதையுமே பார்க்காது. முதல்ல ஒரு இடம். அப்புறம் அது காட்டற அடுத்த இடம். காலி இடம் வேஸ்ட் இல்ல மேடம். அதுதான் கண்ணுக்கு வழி விடுது."

வகுப்பு முழுக்க என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காது சுட்டது. வீட்டுக்கு வந்ததும் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார்.

"கைக்கு பாப்பா இவ்வளவு கலரு?" என்றார். அப்புறம் கொஞ்சம் குனிந்து, "வெண்டைக்கா படம் மத்த படத்தைவிட ஒரு நூல் கீழ இறங்கியிருக்கு" என்றார்.

அளந்து பார்த்தேன். உண்மைதான். எனக்குத் தெரியவே இல்லை. எழுந்துபோய்க் கணவரிடம், "பாத்தீங்களா? மூளை கெட்டவர் கண்டுபிடிக்கிற விஷயமா இது?" என்று கேட்டேன். அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான்தான் அந்த வார்த்தையை முதன்முதலில் அந்த வீட்டில் சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அதற்கு அடுத்த வாரம் நடந்த பாடம் எனக்கு வரப்பிரசாதம் மாதிரி வந்தது. டீச்சர் சுவரில் இருந்த சுவிட்ச் போர்டைக் காட்டினாள். ஒரே மாதிரி இரண்டு வரிசை சுவிட்ச். "இந்த ஃபேனைப் போடறதுக்குத் தினமும் எத்தனை தடவை லைட்டை அணைக்கறோம்? நாம முட்டாளா? இல்ல. போர்டு முட்டாள். நீங்க செய்யற பக்கத்துல ஒருத்தர் தடுமாறினா அவர் மேல தப்பே கிடையாது. தப்பு எப்பவும் பக்கத்தோடது. இதை ஒத்துக்க முடியாதவங்க இந்த வேலைக்கு வர வேண்டாம்."

பிள்ளைகளுக்கு அது கசப்பாக இருந்தது. ஒருவன், "கஸ்டமருக்கு நிஜமாவே அறிவில்லைன்னா?" என்று கேட்டான். நானோ முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பஸ் போர்டும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. மூன்று மொழியில் எழுதினால் மட்டும் போதுமா, கண் முதலில் எங்கே போகும் என்று யாராவது யோசித்தார்களா? அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

படிப்பு முடியும்போது ஒரு பரீட்சை உண்டு என்றும் அப்போதுதான் சொன்னாள். எழுதுகிற பரீட்சை இல்லை. அவரவர் வீட்டிலிருந்து, இந்த வேலை தெரியாத ஒருவரை அழைத்து வர வேண்டும். அவர் கையில் போனைக் கொடுத்து ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். அதன்பிறகு செய்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. கண்ணாலும் காட்டிக்கொடுக்கக் கூடாது. விரல் எங்கெல்லாம் தயங்குகிறதோ அங்கெல்லாம் டீச்சர் ஒரு கோடு போடுவாள். கோடு குறைந்தவர்களைத் தனக்குத் தெரிந்த கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்து செய்யும் வேலைக்குச் சொல்லிவிடுவாள்.

யாரை அழைத்து வரப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணவருக்குத்தான் பிடிக்கவில்லை. "மாமாவை எதுக்கு அத்தனை பேர் முன்னாடி..." என்று ஆரம்பித்தார். "ஏன், என்ன குறைச்சல் அவருக்கு?" என்றேன். இப்போது யோசித்தால், பரீட்சை எனக்கா அப்பாவுக்கா என்பது எனக்கே அப்போது கலங்கித்தான் இருந்தது. அப்பா தடுமாறாமல் செய்துவிட்டால் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தேன்.

வீட்டில் ஒத்திகை தொடங்கினோம். "அப்பா, கத்திரிக்காய் அரை கிலோ. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வரணும். வாங்குங்க பார்ப்போம்" என்று போனைக் கொடுத்தேன்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கத்திரிக்காய்ப் படத்தின் மேல் விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. நான் பொத்தானைப் படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். மறுபடி படத்தையே அழுத்தினார். மறுபடியும். என் கைகள் தவித்தன. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வேலை செய்யல பாப்பா. நான்தான் ஏதோ தப்பு பண்றேன்" என்றார்.

"தப்பு உங்களோடது இல்லப்பா. பக்கத்தோடது" என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா? படத்தைத் தொட்டாலே காய் பையில் விழுகிற மாதிரி அன்றைக்கே மாற்றினேன்.

அடுத்த முறை காய் பையில் விழுந்தது. அது அப்பாவுக்குத் தெரியவில்லை. இன்னொரு தரம் தொட்டார், இன்னொரு தரம். பையில் கத்திரிக்காய் ஏறிக்கொண்டே போனது. விழுந்தது விழுந்துவிட்டது என்று திரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், என் திரை ஒரு மூலையில் முணுமுணுத்தது. அதுவும் பக்கத்தின் தப்புதான். பெரிய எழுத்தில் 'அரை கிலோ பையில் இருக்கிறது' என்று வரவைத்தேன். அப்புறம் மங்கலான எழுத்துக் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார், கறுப்பாக்கினேன். 'தொடர்க' என்றால் எதைத் தொடர்வது என்று கேட்டார், 'எந்த நேரம் வேண்டும்?' என்று மாற்றினேன். அவர் ஒவ்வொரு முறை தடுமாறியதும், "தப்பு பக்கத்தோடதுப்பா" என்பேன். பிறகு அவரே முந்திக்கொண்டு, "பக்கத்தோட தப்புதானே?" என்று கேட்கத் தொடங்கினார். "ஹவ்" என்பேன் நான். இரண்டு பேரும் சிரிப்போம்.

ஒருநாள் என் பெண் எட்டிப் பார்த்தாள். ஹைதராபாத்திலேயே பிறந்து படிக்கிறவள், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். "பேஜ் பாகானே உந்தி மா. தாத்தாகே அர்த்தம் காவட்லேது" என்றாள். பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, தாத்தாவுக்குத்தான் புரியவில்லை என்று. வெடுக்கென்று திரும்பி, "உன்னைக் கேட்டேனா? போய்ப் படி" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. அப்பா கேட்கவில்லை போலிருந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பக்கம் நிஜமாகவே நன்றாக வந்துகொண்டிருந்தது. என் முதல் பக்கத்தைச் செய்தவள்தான் இதையும் செய்தாள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். திறந்ததும் காய். காயைத் தொட்டால் எடை. எடைக்குப் பிறகு நேரம். நேரத்துக்குப் பிறகு வீட்டு முகவரி. முகவரிக்குப் பிறகு ஒரே ஒரு பச்சைப் பொத்தான். ஒவ்வொன்றைச் சுற்றியும் தாராளமாக வெற்றிடம். ஒத்திகைகளில் முகவரிக்கு நான் ஏற்கனவே எங்கள் வீட்டு விலாசத்தைப் போட்டுவைத்திருந்தேன், அப்பா பொத்தானை மட்டும் அழுத்துவார். பரீட்சைக்கு முன்னால் டீச்சர் பார்த்துவிட்டு, "முகவரியை நீங்களே நிரப்பக் கூடாது மேடம், வாங்கறவங்கதான் எழுதணும்" என்று அழித்துவிட்டாள். எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

பரீட்சை அன்று அப்பா வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டு அணிந்துகொண்டார். மெட்ரோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குத்தான் கை வேர்த்திருந்தது. வகுப்பில் எல்லோரும் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பையனின் அம்மா முயன்றார். அவன் செய்த துணிக்கடைப் பக்கத்தில் அளவு கேட்கும் இடத்தில் மாட்டிக்கொண்டு, மகனைப் பார்த்துப் பார்த்துத் தவித்தார். டீச்சர் கோடு மேல் கோடாகப் போட்டாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எங்கள் முறை வந்தது. டீச்சர் அப்பாவிடம் வேலையைச் சொன்னாள். கத்திரிக்காய் அரை கிலோ, நாளைக் காலையில், உங்கள் வீட்டுக்கு. நான் பக்கத்து நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கடவுளே, தடுமாறாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்பா தடுமாறவே இல்லை. காயைத் தொட்டார். அரை கிலோவைத் தொட்டார். திரையில் வந்ததைப் படித்துத் தலையை ஆட்டிக்கொண்டார். காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தார். டீச்சரின் பேனா சும்மா இருந்தது. முகவரிக் கட்டம் வந்தது. அப்பா ஒரு விரலால், நிதானமாக, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் எழுதினார். வீட்டு எண், பிளாக், குவார்ட்டர்ஸ், பாலாநகர்.

நாங்கள் ஹப்சிகுடாவில் இருக்கிறோம். பாலாநகர் குவார்ட்டர்ஸ் அப்பா வேலையில் இருந்தபோது எங்களுக்குக் கொடுத்த வீடு. நான் கல்லூரியில் இருக்கும்போதே காலி செய்துவிட்டோம். அந்தக் கட்டிடத்தை இடித்துக்கூட வெகுகாலம் ஆகிறது.

நான் வாய் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பது விதி. திறக்கவும் முடியவில்லை. அப்பா எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது அவருக்கு. பச்சைப் பொத்தானை அழுத்தினார். 'நாளைக் காலை உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்' என்று திரை சொன்னது. நான் எழுதிய வாசகம்தான்.

வகுப்பு கை தட்டியது. ஒரு கோடுகூட இல்லாத வெள்ளைத் தாளை டீச்சர் தூக்கிக் காட்டினாள். "ஓர் இடத்துலகூட விரல் நிற்கல. மேடம், உங்க பக்கத்துல ஒரு குறையும் இல்ல" என்றாள். அப்பாவைப் பார்த்து, "அங்கிள் ரொம்ப ஷார்ப்" என்றாள். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

நான் அவளைத் தனியாகப் பிடித்து நிறுத்தினேன். "முகவரிக் கட்டம் சரியில்லைதானே?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. "எந்த வீடுன்னு அது தெளிவாக் கேட்கல. இப்ப இருக்கிற வீடுன்னு கேட்டிருக்கணும். நல்லாப் பாரும்மா. ஏதாவது இருக்கும்."

"எதுக்கு மேடம்? அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம எழுதினாரே."

"யோசிக்கணும்ல? யோசிக்க வைக்காததும் தப்புதானே?" என் குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் என் தோளில் கைவைத்து, பரீட்சை டென்ஷன், தண்ணி குடிங்க என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். நான் அவளிடம் ஒரே ஒரு கோடு கேட்டேன். ஒரு கோடு போட்டிருந்தால் போதும், வீட்டுக்குப் போய் அதைச் சரிசெய்ய உட்கார்ந்திருப்பேன்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் அப்பா கேட்டார். "பாஸா பாப்பா?"

"பாஸ்ப்பா."

"எனக்குத் தெரியும்" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா, நம்ம வீடு எங்கே இருக்கு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் கேட்கவில்லை. எதையும் யாரிடமும் கேட்டுவிடுகிற நான், ஹப்சிகுடா வரும்வரை அந்த ஒரு கேள்வியை மென்று விழுங்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்டேஷன் படியிலிருந்தே கணவருக்குப் போன் செய்தேன். "டாக்டர்கிட்ட நேரம் வாங்குங்க" என்றேன். அவர் ஏன், என்ன ஆச்சு என்று எதுவும் கேட்கவில்லை. வாங்கறேன் என்று மட்டும் சொன்னார். அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

அப்பாவிடம் பொதுவான பரிசோதனை என்றேன். "டாக்டர் நக்கோ" என்றார். பிறகு, "நீயும் கூட உள்ள வர்றதா இருந்தா வரேன்" என்றார்.

டாக்டர் என் வயதுப் பெண். அப்பாவிடம் ஹிந்தியில் மரியாதையாகப் பேசினார். என்னைப் பார்த்து, "நீங்க பக்கத்துல உட்காரலாம். ஆனா நான் கேட்கறதுக்கு நீங்க பதில் சொல்லக் கூடாது. உதவி பண்ணக் கூடாது. சைகையும் கூடாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் கொடுத்தார். இதைக் கடிகாரமாக்குங்கள், எண்களைப் போடுங்கள், பதினொன்று பத்து என்று முட்களைக் காட்டுங்கள் என்றார். அவ்வளவுதானா என்பது போல அப்பா பென்சிலை எடுத்தார். பென்சில் பிடித்த விதம் மாறவே இல்லை. சின்ன வயதில் நான் பார்த்து வளர்ந்த அதே பிடி, அதே குனிந்த தலை.

எண்கள் எல்லாம் அழகாக இருந்தன, அச்சடித்த மாதிரி. எல்லாமே வலது பக்கம் இருந்தன. ஒன்று, இரண்டு என்று தொடங்கிக் கீழே இறங்கும்போதே பன்னிரண்டும் முடிந்துவிட்டது. இடது பக்கம் முழுக்க வெற்றிடம். வெற்றிடத்தைக் கண்டு பயப்படாதே என்று எனக்கு அவ்வளவு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்த வெற்றிடத்தைக் கண்டு பயந்தேன்.

அப்பாவுக்கும் தெரிந்தது. ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிக்கிற கண் அது. தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பென்சிலை முட்களுக்காக வட்டத்தின் நடுவில் வைத்தார், எடுத்தார், வைத்தார். எந்தப் பக்கம் கொண்டுபோவதென்று தெரியவில்லை. நெற்றியில் வேர்வை. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா பயந்து நான் பார்த்தேன். டாக்டர் தன் தாளில் என்னவோ எழுதினார்.

பிறகு அப்பா நிமிர்ந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். டாக்டரிடம் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தவர் என்னிடம் தமிழில், மெல்லிய குரலில் கேட்டார்.

"தப்பு இந்தப் பேப்பரோடதுதானே பாப்பா?"

டாக்டர் என்னை நோக்கி விரலை உயர்த்தினார். பேசக் கூடாதென்று சொல்லியிருந்தார்தான். எனக்கும் அந்தப் பாடம் நன்றாகத் தெரியும், அதில் பாஸானவள் நான். தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து அப்பாவின் கையைப் பிடித்தேன்.

"ஹவ்" என்றேன். "பேப்பரோடதுதான்பா."